தபால்காரர் கட்டிய அரண்மனை, யாரும் நுழையாத அறை

ஊரோடு ஒத்துப்போகாமல் வாழ்ந்தவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். ஒரு நாள் காலையில் எழுந்தார், வேலையை உதறினார், மனம் போன போக்கில் கிளம்பிவிட்டார். இந்தக் கதையில் எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. உதறிய மறுநாள் என்ன செய்தார்? அதை யாரும் சொல்வதில்லை. அந்த மறுநாளைத் தேடித்தான் பிரான்சில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு ஊர்களுக்கு நானும் அக்காவும் போனோம். ஒன்று வடக்கே கடலோரத்தில் ஓர் இசைக்காரர் பிறந்த ஊர். மற்றது தென்கிழக்கே, ஒரு தபால்காரர் தனியாளாக அரண்மனை கட்டிய ஊர்.

முதலில் ஒன்ஃப்ளூர். செய்ன் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாரீஸிலிருந்து தூவில் வரை ரயில், அதன் பிறகு பஸ். பழைய துறைமுகமும் அதைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கும் ஒடுக்கமான உயர வீடுகளும் அழகுதான். ஆனால் அந்த அழகைப் படமெடுக்க நிற்கும் கூட்டத்தில் மூச்சு விட இடமில்லை. நாங்கள் தேடிப்போன வீடு அந்தக் கூட்டத்திலிருந்து சற்று ஒதுங்கிய தெருவில் இருந்தது. இசையமைப்பாளர் எரிக் சாத்தி 1866இல் பிறந்த வீடு. இப்போது அருங்காட்சியகம்.

அருங்காட்சியகம் என்றதும் கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்குக்கண்ணாடியும் பேனாவும் இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். நுழைந்ததும் காதில் மாட்டிக்கொள்ள ஹெட்போன் தருகிறார்கள். அறைக்கு அறை நடக்கும்போது அதில் இசை தானாக மாறுகிறது. ஓர் அறையில் சிறகு முளைத்த பிரம்மாண்டமான பேரிக்காய் ஒன்று சிறகை அடித்துக்கொண்டிருக்கிறது. இன்னோர் அறை முழுக்க வெள்ளை. அதன் நடுவில் ஒரு வெள்ளைப் பியானோ தானாகவே வாசித்துக்கொண்டிருக்கிறது. கட்டைகள் இறங்குவதும் எழுவதும் தெரிகின்றன, வாசிக்கும் விரல்களைத்தான் காணோம். கடைசியில், ஏறி உட்கார்ந்து மிதித்தால் சுழல்கிற ஒரு ராட்டினம். அக்கா சிறு பிள்ளையைப் போல ஏறிக்கொண்டாள். இறங்க மனமில்லை அவளுக்கு. பின்னால் ஒரு பள்ளிக்கூடக் கும்பல் காத்திருந்ததால் நான்தான் இழுத்து இறக்கினேன்.

பேரிக்காய்க்கு ஒரு கதை உண்டு. சாத்தியின் இசைக்கு வடிவமே இல்லை என்று குறை சொன்னவர்களுக்குப் பதிலாகத்தான் "பேரிக்காய் வடிவில் மூன்று துண்டுகள்" என்று ஒரு படைப்புக்குப் பெயர் வைத்தார் என்பார்கள். எண்ணிப் பார்த்தால் அதில் ஏழு துண்டுகள் இருக்கின்றன.

இதையெல்லாம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் "கோமாளி" என்று சிரித்துக்கொண்டு போய்விடலாம். எனக்கு அங்கே வேறொன்று மனதில் ஒட்டிக்கொண்டது. பாரீஸ் இசைக் கல்லூரியில் படித்தபோது சோம்பேறி என்று ஆசிரியர்களிடம் பெயர் வாங்கியவர் சாத்தி. 1888இல், இருபதுகளின் தொடக்கத்தில், இன்று உலகமே கேட்கும் 'ஜிம்னோபெடி' பியானோத் துண்டுகளை எழுதினார். கையில் பணம் வந்தபோது ஒரே மாதிரியான வெல்வெட் உடுப்புகளை ஏழு வாங்கி, ஆண்டுக்கணக்கில் அவற்றையே மாற்றி மாற்றி உடுத்தினார். 1898இல் பாரீஸுக்குத் தெற்கே ஆர்கேய் என்ற தொழிலாளர் ஊரில் ஓர் அறைக்குக் குடிபோனார். வயிற்றுப்பாட்டுக்கு மோன்மார்த்ர் குன்றின் கேளிக்கை விடுதிகளில் பியானோ வாசிக்க வேண்டும். அங்கே போக நகரம் முழுவதையும் குறுக்கே கடக்க வேண்டும். சுமார் 10 கிலோமீட்டர். நடந்தே போவார். இரவில் பல நாள் நடந்தே திரும்புவார். வழியில் நின்று நின்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார்.

1905இல், முப்பத்தொன்பது வயதில், அவர் மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார். ஸ்கோலா கான்டோரம் என்ற இசைப் பள்ளியில், தன் வயதில் பாதிகூட ஆகாத பிள்ளைகளோடு உட்கார்ந்து, இசையின் பழைய இலக்கணத்தை அடியிலிருந்து படித்தார். நண்பரும் இசையமைப்பாளருமான தெபுசி வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை. 1908இல் தேறி வெளியே வந்தார். மரபை மீறியவர் என்று நாம் கொண்டாடுகிற ஆள், நாற்பதை நெருங்கும்போது மரபிடமே பாடம் கேட்கப் போயிருக்கிறார். எத்தனை சுயமுன்னேற்றச் சொற்பொழிவு கேட்டிருப்பேன், ஒன்றிலாவது இதைச் சொன்னார்களா?

அவருடைய இன்னொரு படைப்பு 'வெக்ஸாசியோன்'. ஒரு சிறிய இசைத்தொடர். அதை அடுத்தடுத்து 840 முறை வாசிக்க விரும்புகிறவர் முன்கூட்டியே மௌனத்தில் அசையாமல் இருந்து தன்னைத் தயார் செய்துகொள்வது நல்லது என்று ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறார். கேலியா, நிஜமா என்று தெரியாமல் எல்லோரும் விட்டுவிட்டார்கள். 1963இல் நியூயார்க்கில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் அதை நிஜமென்றே எடுத்துக்கொண்டு, பியானோக்காரர்களை முறைவைத்து உட்காரவைத்து முழுமையாக வாசிக்கச் செய்தார். 18 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

ஒன்ஃப்ளூரைவிட்டுக் கிளம்பும்போது அக்கா கேட்டாள்: "இப்படி வாழ்ந்தவர் கடைசியில் எப்படி இறந்தார்?" சொன்னேன். குடியில் கல்லீரல் கெட்டு, 1925இல். அந்த ஆர்கேய் அறைக்குள் இருபத்தேழு ஆண்டுகள் அவரைத் தவிர வேறு யாரும் நுழைந்ததில்லை என்கிறார்கள். இறந்த பிறகு நண்பர்கள் கதவைத் திறந்தால் தூசி, குடைகள், பிரிக்காத கடிதங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு பியானோக்கள், தொலைந்துவிட்டதாக அவரே நினைத்திருந்த இசைக் குறிப்புகள். "அப்படியானால் பின்பற்றவேண்டிய வாழ்க்கை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது" என்றாள் அக்கா. நான் மறுக்கவில்லை. பின்பற்றுவதற்காகப் போகவுமில்லை.

இரண்டாவது ஊர் ஓத்ரீவ். துரோம் மாவட்டத்தில், கலோர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் சிறிய கிராமம். வலான்ஸ் வரை அதிவேக ரயில் உண்டு. அதன் பிறகு பொதுப் போக்குவரத்தை நம்பினால் நாள் போய்விடும் என்று வாடகைக் கார் எடுத்தோம். வழியெல்லாம் வயலும் பழத்தோட்டமும். கண்ணுக்குப் படுகிற விசேஷம் எதுவும் இல்லை. அந்தச் சலிப்பு எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் ஃபெர்டினாண்ட் ஷெவால் நாள்தோறும் தபால் பையோடு 30 கிலோமீட்டருக்கு மேல் நடந்ததும் இப்படிப்பட்ட நாட்டுப்புறத்தில்தான். இத்தனை தூரம் தினமும் தனியாக நடக்கிற மனிதன் என்ன செய்வான்? கனவு காண்பான். மனதுக்குள் ஓர் அரண்மனையைக் கட்டினதாக அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை, கேலி செய்வார்கள் என்று. ஆண்டுகள் போய் அந்தக் கனவே ஏறக்குறைய மறந்துபோன நிலையில், 1879இல், நாற்பத்து மூன்றாம் வயதில், வழியில் ஒரு கல் தடுக்கி விழப்பார்த்தார். குனிந்து எடுத்துப் பார்த்தால் விசித்திரமான உருவம். கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் அதே இடத்துக்குப் போனார். அதைவிட அழகான கற்கள் கிடந்தன. சிற்பம் செதுக்குவதை இயற்கை பார்த்துக்கொள்வதென்றால், கொத்து வேலையையும் கட்டட வேலையையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தீர்மானித்தார்.

அதுவரை கொத்துக் கரண்டியைத் தொட்டறியாதவர். தபால் வேலைக்கு முன் ரொட்டி சுடும் தொழிலாளி. மாவு பிசைந்த கை கலவை குழைக்கத் தொடங்கியது. முதலில் சட்டைப்பையில் கல் சுமந்தார், பிறகு கூடையில், பிறகு தள்ளுவண்டியில். வழியில் கற்களைக் குவித்துவைத்து, தபால் கொடுத்து முடித்த பின் மாலையில் வண்டியோடு போய் எடுத்துவருவார். இரவில் விளக்கு வெளிச்சத்தில் கட்டுவார். 1896இல் ஓய்வுபெறும்வரை தபால் வேலையை விடவே இல்லை. 1912இல் முடித்தார். முப்பத்து மூன்று ஆண்டுகள்.

தோட்டத்துக்குள் நுழைந்து அதன் முன் நின்றபோது எனக்கு முதலில் தோன்றியது பயம். 26 மீட்டர் நீளத்துக்குக் கல் நுரைத்துப் பொங்கி அப்படியே உறைந்துவிட்ட மாதிரி இருக்கிறது. கிழக்கு முகப்பை மட்டும் கட்ட அவருக்குச் சுமார் இருபது ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. மெலிந்து நெடிதுயர்ந்த மூன்று பூதங்கள் அங்கே காவல் நிற்கின்றன: ரோமின் சீசர், அவரை எதிர்த்துப் போரிட்ட பண்டைய பிரான்சின் தலைவர் வெர்சிங்கெதோரிக்ஸ், கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ். இந்த மூவரை ஒரே வரிசையில் நிறுத்த வேறு யாருக்குத் தோன்றும்?

கிட்டே போய்ப் பார்த்தேன். கூழாங்கற்களை அளவு பார்த்து வரிசையாகப் பதித்திருக்கிறார். துளை விழுந்த சுண்ணாம்புக் கல், கிளிஞ்சல், நத்தை ஓடு. இடையிடையே கலவை பிதுங்கி நிற்கிறது. சில இடங்களில் கலவை விரிசல் விட்டு உள்ளே கம்பி தெரிகிறது. கம்பியை வளைத்து அதன்மேல் கலவை பூசி உருவம் சமைத்திருக்கிறார். ஒரு வளைவில் கூழாங்கற்கள் திடீரென்று சிறுத்து, மறுபடி பெருக்கின்றன. கல் தீர்ந்துபோய் அன்று கிடைத்ததை வைத்துப் பதித்தாரோ, வேண்டுமென்றே செய்தாரோ, நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேற்கு முகப்பில் ஓர் இந்துக் கோயில் இருக்கிறது. பக்கத்திலேயே மசூதி, சுவிட்சர்லாந்து மலைவீடு, இடைக்காலக் கோட்டை. தான் கொண்டுபோய்க் கொடுத்த பட அட்டைகளிலும் பத்திரிகைகளிலும் பார்த்ததை வைத்துக் கட்டியவை. கோயில்களுக்கு நடுவே வளர்ந்த என் கண்ணுக்கு அது எந்தக் கோயில் மாதிரியும் இல்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. இந்தியா எந்தத் திசையில் இருக்கிறது என்று நேரில் அறியாத ஒரு கிராமத்துத் தபால்காரர், பார்க்காத ஊருக்குத் தன் மனதில் ஓர் இடம் ஒதுக்கி, அதைக் கல்லாலும் கட்டிவைத்தார் என்பதே எனக்குப் போதும்.

சுவரெங்கும் வாசகங்கள். தனி ஒருவனின் உழைப்பு என்கிறது ஒன்று. பத்தாயிரம் நாள், 93 ஆயிரம் மணி நேரம், 33 ஆண்டுச் சோதனை என்று கணக்கே எழுதிவைத்திருக்கிறது இன்னொன்று. தள்ளுவண்டிக்கு ஒரு மாடம் கட்டி, அதைப் பேசவைத்தும் எழுதியிருக்கிறார். அக்கா அதைப் படித்துவிட்டுத் திரும்பினாள்.

"வண்டிக்கு மாடம் இருக்கிறது. மனைவிக்கு எங்கே?"

"ஏன் அக்கா?"

"சட்டைப்பை கிழியக் கிழியத் தைத்துக் கொடுத்தது யார்? ராத்திரி முழுக்க இவர் கல் பதிக்கும்போது வீட்டைப் பார்த்துக்கொண்டது யார்? தனி ஒருவனாம்."

பதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கலைஞர்களின் சுதந்திரத்தைப் பற்றி நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தை லாவகமாகத் தாண்டிப்போகின்றன. நானும் அக்கா இல்லாமல் வந்திருந்தால் தாண்டித்தான் போயிருப்பேன்.

ஊரார் அவரைப் பைத்தியம் என்றார்கள். அவர் இறந்து பல காலம் கழித்தும், இது அவலட்சணம், பாதுகாக்கத் தகுதியற்றது என்று எழுதிய அதிகாரிகள் இருந்தார்கள். ஆனால் சர்ரியலிசக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோனும் ஓவியர் பிக்காசோவும் தேடிவந்து பார்த்தார்கள். 1969இல் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்.

மேல்தளத்திலிருந்து இறங்கிவந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். சாத்தியும் ஷெவாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் அல்லர். ஒரே காலத்தவர்கள், அவ்வளவுதான். இருவரும் நடந்தார்கள். இருவரும் பிழைப்புக்கான வேலையைச் செய்துகொண்டே இருந்தார்கள்: ஒருவர் குடிக்க வந்தவர்களுக்குப் பியானோ வாசித்தார், மற்றவர் கடிதம் கொடுத்தார். இருவருமே ஒரே காரியத்தைச் சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்தவர்கள். ஒத்துப்போகாத வாழ்க்கை என்றால் அலைச்சலும் கட்டவிழ்ப்பும் என்று நினைப்பவர்களை இந்த இருவரின் கால அட்டவணை அலறவைத்துவிடும். எனக்கு அது தெம்பாக இருந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே, மாலையில் ஒரு மணி நேரம், பலருக்குப் பயனற்றதாகத் தெரியும் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறவள் நான். என்னவென்று இங்கே சொல்லப்போவதில்லை, ஷெவாலுக்கு இருந்த அதே காரணத்துக்காக.

அரண்மனையைப் பார்ப்பவர்களில் பலர் அப்படியே காரில் ஏறிப் போய்விடுகிறார்கள். ஊர் மயானத்துக்கும் போங்கள், நடக்கும் தூரம்தான். தன் அரண்மனைக்குள்ளேயே புதைக்கப்பட வேண்டும் என்பது ஷெவாலின் ஆசை. சட்டம் இடம் கொடுக்கவில்லை. சரி என்று, எழுபத்தெட்டு வயதில் மயானத்தில் புதிதாகக் கல் அடுக்கத் தொடங்கினார். எட்டு ஆண்டுகள் பிடித்தது. 1922இல் கல்லறையை முடித்தார். 1924 ஆகஸ்டில் அதற்குள் போனார். கொடியும் சுருளுமாக, அரண்மனையின் அதே கைவேலை. ஆனால் அளவில் சிறியது, கட்டுக்கோப்பானது. கை தேறியிருக்கிறது என்றாள் அக்கா. எனக்கும் அப்படித்தான் பட்டது.