1955 காடிலாக்கின் டிக்கி ஏசி: பின்சீட்டுக்குக் குளிர் வந்தாச்சு

என் 1955 காடிலாக் ஃப்ளீட்வுட் காரின் ஏசி வேலை ஒருவழியாக முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது. டெக்சாஸ் வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பின்சீட்டில் நிம்மதியாக உட்கார முடிகிறது.

இந்தக் காலத்து காடிலாக்கில் ஏசி இருப்பது டிக்கியில். 1953-ல் ஃப்ரிஜிடேர் என்ற பிராண்டின் ஏசியைக் கொண்டுவந்தபோது, காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலையும் அதை ஊதித் தள்ளும் புளோயரையும் பின்சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். ஏசி கேஸை அழுத்தும் கம்ப்ரஸர் எஞ்சினோடு, அதன் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால். அதனால் கேஸ் குழாய்கள் வண்டியின் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடுகின்றன. குளிர்காற்று பின்கண்ணாடி ஓரமாக இரண்டு தெளிவான பிளாஸ்டிக் குழாய்கள் வழியே மேலேறி, கூரைக்குள் போய்த் தலைக்கு மேலிருந்து இறங்கும். 1957-ல் இந்த அமைப்பு முன்பக்கம் போய்விட்டது.

இதைக் கழற்றிவிட்டு டாஷ்போர்டுக்குக் கீழே புது யூனிட் மாட்டச் சொன்னவர்கள் நிறையப் பேர். டிக்கியில் இடம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் குளிர்காற்றுக்குக் கீழே இறங்குவதுதான் இயல்பு; அதை மேலிருந்து விடுவதில் ஒரு நேர்த்தி இருக்கிறது. அதைப் பிடுங்கி எறிய எனக்கு மனசு வரவில்லை.

காயிலைக் கழற்றியபோது அதன் மெல்லிய தகடுகளான ஃபின்களுக்கு நடுவே தூசி கம்பளிபோல அப்பியிருந்தது. தண்ணீர் வடியும் துளையும் அடைத்திருந்தது. அதற்குக் கீழே டிக்கித் தகடு துருப்பிடித்துப் போயிருந்தது. அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தாயிற்று. அப்புறம் கசிவைக் கண்டுபிடிக்கக் குழாய்களில் நைட்ரஜன் ஏற்றி, இணைப்பு இணைப்பாகச் சோப்புத் தண்ணீர் தடவினேன். வண்டிக்கு நடுவில் இருந்த ஒரு இணைப்பில் மட்டும் பொடிப்பொடியாகக் குமிழி வந்தது.

அந்தக் காலத்து ஏசி கேஸான ஆர்-12-இன் தயாரிப்பு அமெரிக்காவில் 1995 இறுதியோடு நின்றுவிட்டதால், அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ கேஸுக்கு மாறினேன். இதற்குக் கம்ப்ரஸருக்கு ஊற்றும் பழைய மினரல் ஆயில் ஒத்துவராது. குழாய்களைக் கழுவி எஸ்டர் ஆயில் ஊற்றி, கேஸ் கசியாத உள்ளுறை கொண்ட ஹோஸ்களைப் போட்டேன். உள்ளிருந்த காற்றை உறிஞ்சி எடுத்து, அந்த வாக்யூம் இறங்காமல் நின்ற பிறகுதான் கேஸ் ஏற்றியது. வெளியே 35 டிகிரி இருந்தபோது கூரைத் துளையில் 11 டிகிரி காட்டியது. ஆர்-12 போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் குளிர்ந்திருக்கும், பரவாயில்லை.

அதே 1953-ல் கிரைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் காரில் ஏர்டெம்ப் என்ற ஏசி வந்தது. அதுவும் டிக்கியில்தான், ஆனால் பிளாஸ்டிக் குழாய் கிடையாது. பின்கண்ணாடிக்கு அடியிலுள்ள தட்டிலிருந்தே காற்று கூரையை நோக்கிப் போகும். பார்க்கச் சுத்தமான வேலை. இருந்தும், தலைக்கு மேலே அவரவர் திருப்பி வைத்துக்கொள்ளும் துளைகளுக்காகவே என் ஓட்டு காடிலாக்குக்கு.

இனி மஞ்சளாகிப்போன அந்த இரண்டு குழாய்களையும் பாலிஷ் போட வேண்டும். கீறல் ஆழமாக இருந்தால் புதிதாகச் செய்து விற்பவர்களிடம் வாங்கிக்கொள்ளலாம்.