ஜெர்மனியில் ஒரு பாடம் தேறாமல் போனால்: மூன்றாவது முயற்சிக்கு முன்னும் பின்னும்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் அரியர் விழுந்தால் அடுத்த செமஸ்டரில் எழுதலாம், அதிலும் போனால் அதற்கடுத்த செமஸ்டரில் எழுதலாம். அந்தப் பழக்கத்தோடு ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்க வருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இங்கே முயற்சிகளுக்குக் கணக்கு உண்டு என்பதை. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று முயற்சிகள்தான். மதிப்பெண் 1.0இல் தொடங்கி 5.0 வரை போகும், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. ஒரு கட்டாயப் பாடத்தில் மூன்றாவது முறையும் 5.0 வந்துவிட்டால் அந்தப் படிப்பே முடிவுக்கு வருகிறது. பதிவிலிருந்து பெயரை நீக்குவார்கள். பிறகு ஜெர்மனியில் வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போய் அதே படிப்பைத் தொடரவும் பொதுவாக முடியாது.

இந்தக் கட்டத்தில் இருக்கும் மாணவர்களுக்கு மனு எழுதவும் விதிகளைப் படிக்கவும் துணை நிற்பவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது ஒன்று உண்டு. மூன்றாவது முயற்சியும் போன பிறகுதான் எல்லாரும் வழி கேட்டு வருகிறார்கள். அதிக வழிகள் திறந்திருந்தது இரண்டாவது முயற்சி போன அன்றைக்கு. ஆகவே முதல் தோல்வியிலிருந்தே செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலில் உங்கள் படிப்புக்கான தேர்வு விதிமுறையை, அதாவது ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங்கை, எடுத்து வையுங்கள். ஒரே படிப்புக்குப் பல ஆண்டுப் பதிப்புகள் இணையத்தில் கிடக்கும். நீங்கள் சேர்ந்தபோது எது நடப்பில் இருந்ததோ அதுவே பெரும்பாலும் உங்களுக்குப் பொருந்தும். ஜெர்மன் மூலத்துக்குத்தான் சட்ட மதிப்பு. ஆங்கில மொழிபெயர்ப்பு புரிந்துகொள்ள மட்டுமே. அதில் தேட வேண்டியவை: எத்தனை முறை திரும்ப எழுதலாம், எவ்வளவு காலத்துக்குள் எழுத வேண்டும், விருப்பப் பாடத்தில் தோற்றால் அதை விட்டு வேறு பாடம் எடுக்கலாமா, ஆய்வேட்டுக்கு எத்தனை வாய்ப்பு. ஆய்வேட்டை அநேகமாக எல்லா இடங்களிலும் ஒரே ஒரு முறைதான் திரும்பச் செய்யலாம். நண்பன் வேறு ஊரில் படிக்கிறான், அவன் சொன்னான் என்று நம்பி இருந்துவிடாதீர்கள், ஏனென்றால் ஊருக்கு ஊர் விதி மாறும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முயற்சிகளின் எண்ணிக்கையைவிட, குறிப்பிட்ட செமஸ்டர் முடிவதற்குள் குறிப்பிட்ட கிரெடிட் சேர்ந்ததா என்பதே கணக்கு. கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பக் கழகத்தில் (கேஐடி) எழுத்துத் தேர்வை இரண்டாம் முறையும் தவறவிட்டவருக்கு ஒரு வாய்மொழித் தேர்வு உண்டு. அதில் எவ்வளவு நன்றாகச் சொன்னாலும் 4.0ஐவிடச் சிறந்த மதிப்பெண் வராது, ஆனால் பாடம் தேறிவிடும். இப்படியொரு வாய்மொழித் தேர்வு வேறு சில பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறது. தானாக அழைப்பு வருமா, நீங்கள் போய்க் கேட்க வேண்டுமா என்பதும் விதியிலேயே இருக்கும்.

தேர்வுப் பதிவில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. தோற்ற தேர்வின் அடுத்த தேதிக்குச் சில பல்கலைக்கழகங்கள் உங்களைத் தாமாகவே பதிவு செய்துவிடும். விலகும் கடைசித் தேதிக்குள் விலகாமல் தேர்வுக்கும் போகாவிட்டால் 5.0 விழும், ஒரு முயற்சியும் போகும். தேர்வு எழுதாமலே முயற்சியை இழப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் இழக்கிறார்கள்.

உடம்பு சரியில்லாத அன்று தேர்வு எழுதவே கூடாது என்பதில் உறுதியாக இருங்கள். எழுதிவிட்டு, தோற்றபின், 'அன்றைக்குக் காய்ச்சல்' என்று சொன்னால் அநேகமாக ஏற்க மாட்டார்கள். தேர்வன்றே மருத்துவரைப் பார்த்துச் சான்றிதழ் வாங்கித் தாமதமின்றித் தேர்வு அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். பல இடங்களில் மூன்று நாள்தான் கெடு. வேலைக்குப் போகாதிருக்க மருத்துவர் தரும் வழக்கமான விடுப்புச் சான்று பல பல்கலைக்கழகங்களில் போதாது. தேர்வு எழுத முடியாத நிலை என்று பல்கலைக்கழகத்தின் சொந்தப் படிவத்தில் மருத்துவர் எழுதித் தர வேண்டியிருக்கும். அந்தப் படிவத்தை இப்போதே அச்செடுத்து அறையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி முயற்சியென்றால் அரசு மருத்துவ அதிகாரியின் சான்று கேட்கும் இடங்களும் உண்டு. தேர்வுக் கூடத்தில் தாங்க முடியாத இரைச்சல், வினாத்தாளில் பக்கம் குறைவு போன்ற குறை இருந்தால் அங்கேயே கண்காணிப்பாளரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். முடிவு வந்தபின் எழுப்பும் புகாருக்கு வலு இல்லை.

முடிவு வந்ததும் ஐன்சிஷ்ட்டுக்குப் போங்கள். திருத்திய விடைத்தாளை நேரில் பார்க்கும் உரிமை அது. பெரும்பாலும் ஒரே ஒரு நாள், ஒன்றிரண்டு மணி நேரம், அதுவும் செமஸ்டர் விடுமுறையில் வரும். ஊருக்கு விமானம் ஏறியவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். நேரில் வர முடியாவிட்டால் வேறொருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்து அனுப்ப முடியுமா என்று முன்பே துறையில் கேளுங்கள். போனதும் கூட்டல் சரியா என்று பாருங்கள். பின்பக்கத்திலோ கூடுதல் தாளிலோ எழுதியது திருத்தப்படாமல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாதிரி விடையிலிருந்து மாறுபட்ட, ஆனால் சரியான வழியில் போட்ட கணக்குக்கு மதிப்பெண் மறுத்திருந்தால் அதைக் கேள்வி எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். தக்க காரணங்களோடு நிறுவக்கூடிய விடையைத் தவறு என்று திருத்தக் கூடாது என்பது ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் 1991இல் வகுத்த கோட்பாடு. 'இன்னும் இரண்டு மார்க் போடுங்கள்' என்று கெஞ்சுவதால் எதுவும் நடக்காது. '3ஆம் கேள்வி ஆ பிரிவில் இன்ன படி சரி, காரணம் இது' என்று மரியாதையாக எழுதிக் கொடுத்தால் பேராசிரியர் மறுபடி பார்ப்பார்.

இரண்டாவது முயற்சியும் போய்விட்டதென்றால், மூன்றாவதற்குப் பதிவு செய்யும் முன் நிறுத்தி யோசியுங்கள். அது விருப்பப் பாடமாக இருந்து மாற்றிக்கொள்ள விதி இடம் தந்தால் மாற்றிவிடுங்கள். அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. கட்டாயப் பாடமென்றால் இரண்டு வழி. எழுதுவது ஒன்று, எழுதாமல் வேறிடம் மாறுவது மற்றொன்று.

எழுதுவதாக இருந்தால் அந்த செமஸ்டரை அந்தப் பாடத்துக்கென்றே ஒதுக்குங்கள். வாரம் 20 மணி நேர வெர்க்ஸ்டுடென்ட் வேலையை, அதாவது படித்துக்கொண்டே செய்யும் பகுதிநேர வேலையை, குறைத்துக்கொள்ளுங்கள். துறை மாணவர் சங்கத்தில் பழைய வினாத்தாள்கள் கிடைக்கும். பேராசிரியர் மாணவரைச் சந்திக்கும் நேரத்தில் போய் முந்தைய விடைத்தாளில் எங்கே சறுக்கியது என்று கேட்டு வாருங்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: கடைசி முயற்சியின் விடைத்தாளை இரண்டு தேர்வாளர்கள் திருத்த வேண்டும் என்று பல விதிமுறைகள் சொல்கின்றன. ஒருவர் மட்டுமே திருத்தியிருந்தால் பின்னால் மேல்முறையீட்டுக்கு அது வலுவான காரணம்.

மாறுவதாக இருந்தால் கடைசித் தோல்வி பதிவாகும் முன் மாற வேண்டும். சேரப்போகும் பல்கலைக்கழகம், 'இந்த மாணவர் தேர்வெழுதும் உரிமையை இழக்கவில்லை' என்று பழைய இடத்திலிருந்து ஒரு சான்று கேட்கும். மூன்றாவது முயற்சிக்கு முன் அது கிடைக்கும், பிறகு கிடைக்காது. தடை எந்தப் படிப்புகள் வரை நீளும் என்பது மாநிலச் சட்டத்தையும் பல்கலைக்கழக விதியையும் பொறுத்தது. சில இடங்களில் அதே பெயருள்ள படிப்புக்கு மட்டும், சில இடங்களில் நெருங்கிய படிப்புகளுக்கும் உண்டு. பல்கலைக்கழகத்தில் உரிமை இழந்தவருக்குப் பயன்பாட்டு அறிவியல் கல்லூரியில் இடம் தரும் வாய்ப்பும் சில மாநிலங்களில் இருக்கிறது. அங்கே சேர்க்கை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். அதே படிப்புக்கு மாறினால் பழைய தோல்விகளையும் எண்ணிக்கையில் சேர்க்கும் இடங்கள் உண்டு, அதையும் கேளுங்கள். தேறிய பாடங்களின் கிரெடிட்டை ஏற்கச் செய்ய ஒவ்வொரு பாடத்தின் விளக்கக் குறிப்பும் தேவை. விண்ணப்பக் கெடு பொதுவாகக் குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15, கோடைக்கு ஜனவரி 15. வெளிநாட்டு மாணவர்களுக்கு இதற்கு முன்பே முடிக்கும் இடங்கள் பல. பல பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் ஊனி-அசிஸ்ட் வழியாக விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்தடுத்தவற்றுக்குத் தலா 30 யூரோ. கட்டணத்தையும் பாருங்கள். பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1500 யூரோ.

மூன்றாவதும் போய்விட்டால் ஒரு முறையான அறிவிப்புக் கடிதம் வரும். அதன் கடைசிப் பத்தியைத்தான் முதலில் படிக்க வேண்டும். எதிர்ப்பு மனு கொடுக்க வேண்டுமா, நேராக நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமா, எங்கே, எத்தனை நாளுக்குள் என்பது அங்கே இருக்கும். கெடு வழக்கமாக ஒரு மாதம். அந்தப் பத்தியே இல்லாவிட்டால் ஓராண்டு. எதிர்ப்பு மனுவுக்கு வீடர்ஷ்ப்ரூஹ் என்று பெயர். சாதாரண மின்னஞ்சலில் அனுப்பினால் செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்திட்ட கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது அலுவலகத்தில் நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். 'இன்ன தேதியிட்ட முடிவை எதிர்க்கிறேன், காரணங்களைப் பின்னர் தருகிறேன், கோப்பைப் பார்க்க அனுமதி வேண்டும்' என்ற மூன்று வரியே கெடுவைக் காப்பாற்றும். காரணம் எழுதி முடியவில்லை என்று காத்திருந்து கெடுவைத் தவறவிடுவதுதான் மிகப் பெரிய இழப்பு. மனு நிலுவையில் இருக்கும்வரை பதிவு நீக்கம் பொதுவாக நடைமுறைக்கு வராது.

மனுவில் வெல்லக்கூடிய காரணங்கள்: நடைமுறைப் பிழை, விடைத்தாளைக் கவனிக்காமல் விட்டது, சரியான விடையைத் தவறென்றது. பேராசிரியர் கண்டிப்பானவர் என்பது காரணம் ஆகாது. வென்றாலும் நேரடியாகத் தேர்ச்சி கிடைப்பது அரிது. மறுதிருத்தமோ மறுதேர்வோ கிடைக்கும். கடும் நோய், குடும்பத்தில் சாவு போன்ற இக்கட்டுக்காகக் கூடுதல் முயற்சி கேட்கும் மனு வேறு. அது தேர்வுக் குழுவுக்குப் போகும், விதிமுறையில் இடமிருந்தால் மட்டும். மருத்துவச் சான்று, தேதிகள், அந்த நிலை எப்படித் தேர்வைப் பாதித்தது, இப்போது அது எப்படித் தீர்ந்தது ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். பல மாணவர் பேரவைகளில் இலவசச் சட்ட ஆலோசனை உண்டு. வழக்கறிஞரிடம் தனியாகப் போனால், கட்டண ஒப்பந்தம் இல்லாத முதல் ஆலோசனைக்கு 190 யூரோவும் வரியும்தான் உச்சம்.

விசா பற்றிய பயம்தான் பலரை வாயடைக்க வைக்கிறது. ஒரு பாடத்தில் தோற்றதற்காக வசிப்பு அனுமதி ரத்தாவதில்லை. வெளிநாட்டவர் அலுவலகம் பார்ப்பது, படிப்பை நியாயமான காலத்தில் முடிப்பீர்களா என்பதை. அந்தப் படிப்புக்கு வழக்கமாக ஆகும் காலத்துக்கு மேல் மூன்று செமஸ்டர் வரை பொதுவாகப் பிரச்சினை வராது. நீட்டிப்பின்போது பல்கலைக்கழகத்திடம் முன்னேற்றச் சான்று கேட்பார்கள். பதிவு நீங்கினால் கதை வேறு. அனுமதி அட்டையோடு வரும் பச்சைத் தாளைப் படியுங்கள். எந்தப் படிப்பு, எந்தப் பல்கலைக்கழகம் என்பதும், படிப்பு நின்றால் அனுமதி காலாவதியாகும் என்பதும் சிலருக்கு அதிலேயே எழுதியிருக்கும். முதல் 18 மாதத்துக்குள் படிப்பு மாறுவது எளிது. பிறகு மாறினால் மொத்தக் காலம் எவ்வளவு நீளும் என்று கணக்குக் காட்ட வேண்டும். புதிய சேர்க்கைக் கடிதத்தோடு, அட்டை காலாவதியாகும் முன் விண்ணப்பித்துவிட்டால் முடிவு வரும்வரை சட்டப்படி இருக்கலாம். நீட்டிப்புக்குப் பண ஆதாரமும் வேண்டும். 2024 செப்டம்பர் முதல் மாதத்துக்கு 992 யூரோ கணக்கு.

நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு கதவு இருக்கிறது. மாஸ்டர்ஸ் முடியாவிட்டாலும் ஊரில் வாங்கிய பி.இ., பி.டெக். பட்டம் கையில் இருக்கிறது. வெளிநாட்டுப் பட்டங்களுக்கு ஜெர்மனியில் உள்ள மதிப்பைக் காட்டும் அனபின் தரவுத்தளத்தில் கல்லூரி எச்-பிளஸ் (அங்கீகாரம் உள்ளது) என்றும் பட்டம் இணையானது என்றும் இருந்தால், அந்தப் பட்டத்தை வைத்தே தகுதியுள்ள வேலைக்கான அனுமதி கேட்கலாம். படிப்பை முடிக்காமலே மாணவர் அனுமதியிலிருந்து இதற்கு மாறச் சட்டம் இடம் தருகிறது. வேலை ஒப்பந்தம் முதலில் வேண்டும். முடித்தவர்களுக்குக் கிடைக்கும் 18 மாத வேலை தேடும் அனுமதி, முடிக்காதவர்களுக்குக் கிடையாது. ஆகவே பதிவு இருக்கும்போதே தேடத் தொடங்குங்கள். பட்டதாரிகளுக்கான ஐரோப்பிய வேலை அனுமதியான ப்ளூ கார்டுக்கு 2025இல் ஆண்டு ஊதிய வரம்பு 48,300 யூரோவாகவும், ஆள் பற்றாக்குறைத் துறைகளுக்கு 43,759.80 யூரோவாகவும் இருந்தது. நடப்பு வரம்பை எட்டாவிட்டாலும் சாதாரணத் திறனாளர் அனுமதி உண்டு. பட்டத்துறைக்கும் வேலைக்கும் நேர்த் தொடர்பு வேண்டும் என்ற கட்டாயம் அதில் 2023 நவம்பரில் நீங்கியது. ஜெர்மன் மொழி ஓரளவு வருமானால் ஔஸ்பில்டுங் தொழிற்பயிற்சியும் நல்ல வழிதான், மாதச் சம்பளத்தோடு. பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும். ஓராண்டு முன்பே விண்ணப்பிப்பார்கள்.

வங்கிக் கல்விக் கடன் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். இந்திய வங்கிகளின் மாதிரித் திட்டத்தில், குறித்த காலத்தில் படிப்பு முடியாவிட்டால் இரண்டாண்டு வரை நீட்டிப்பு தர இடமிருக்கிறது. தவணை தவறியபின் கேட்பதைவிட முன்பே கேட்டால் கிளை மேலாளருக்கும் செய்வது எளிது. வீட்டிலும் சொல்லிவிடுங்கள்; ஜாமீன் கையெழுத்து அப்பாவுடையது, வங்கி அவரைத்தான் முதலில் அழைக்கும்.

பதிவு நீங்கினால் மாணவர் மருத்துவக் காப்பீடும் வெர்க்ஸ்டுடென்ட் தகுதியும் போகும். காப்பீட்டு நிறுவனத்துக்குப் பல்கலைக்கழகமே தகவல் அனுப்பிவிடும். நீங்களும் பேசி அடுத்த வகைக் காப்பீட்டுக்கு இடைவெளி இல்லாமல் மாறுங்கள், தவணை நிச்சயம் கூடும். பல்கலைக்கழக இணையக் கணக்கு மூடப்படும் முன் மதிப்பெண் பட்டியல், பாட விளக்கக் குறிப்புகள், ஒவ்வொரு செமஸ்டரின் பதிவுச் சான்று, படித்த காலத்துக்கான ஓய்வூதியக் கணக்குச் சான்று எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். மதிப்பெண் பட்டியலில் மட்டும் தேர்வு அலுவலகத்தின் முத்திரை வேண்டும். அதை நேரில் போய்க் கேட்டு வாங்குங்கள்.