ஏற்காடு இறக்கமும் செர்ரி மாத்திரையும்

ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் முதன்முறையாக ஓடி இறங்கினேன். அன்று மாலை லேசான அசதி, அவ்வளவுதான். இரண்டாம் நாள் காலையில்தான் தொடை இரண்டும் கல்லாக இறுகிவிட்டன. மாடிப்படி ஏறக்கூட முடிந்தது, இறங்கத்தான் முடியவில்லை. கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்கியதைப் பார்த்து அம்மா பதறிப்போய், "என்னடி பண்ணிக்கிட்ட?" என்று நல்லெண்ணெயைச் சூடு பண்ணி எடுத்து வந்தார்.

லாக்டிக் அமிலம் தேங்கியிருக்கும் என்று எங்கள் ஓட்டக் குழுவில் சிலர் சொன்னார்கள். ஆனால் அது ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து வடிந்துவிடும். உண்மையான காரணம் இறக்கம்தான். மேடு ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போதோ நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்கி பிரேக் போடுகிறது. அதில்தான் தசை நார்கள் நுண்ணியதாகச் சேதமடைகின்றன. வலி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகிறது.

குழுவிலிருந்த அண்ணன் ஒருவர் புளிப்புச் செர்ரி மாத்திரையைப் பற்றிச் சொன்னார். ஒரு குப்பி வாங்கினேன். நான்கு வாரம் கழித்து மறுபடி அதே இறக்கம். ஐந்து நாள் முன்பிருந்தே மாத்திரை போட்டேன், ஓடிய பிறகும் இரண்டு நாள் தொடர்ந்தேன். வலி பாதிகூட இல்லை! சந்தோஷத்தில் எல்லோரிடமும் சொன்னேன். என் பேச்சைக் கேட்டு இரண்டு தோழிகள் ஆளுக்கொரு குப்பி வாங்கினார்கள்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். பழக்கமில்லாத இப்படிப்பட்ட வேலையை ஒருமுறை செய்துவிட்டால், அடுத்த பல வாரங்களுக்கு அதே தசை அதே வேலையில் அவ்வளவாகச் சேதமடையாதாம். ஒரே ஒரு தடவை போதும். அப்படியென்றால் இரண்டாவது ஓட்டத்தில் என்னைக் காப்பாற்றியது முதல் ஓட்டமாகவே இருக்கலாமே? மாத்திரையே இல்லாமல் மூன்றாவது முறை இறங்கிப் பார்த்தேன். வலி இன்னும் குறைவு. அன்றைக்கே அந்த இரண்டு தோழிகளையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அவர்கள் பணம் செலவானது என் வார்த்தையை நம்பித்தானே.

செர்ரியில் சங்கதியே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றில், லண்டன் மாரத்தான் ஓடிய 20 பேரில் ஒரு பாதி செர்ரிச் சாறும் மறு பாதி ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் செர்ரியே இல்லாத போலிச் சாறும் குடித்தார்கள். செர்ரி குடித்தவர்களுக்குத் தசை பலம் சீக்கிரமாகத் திரும்பியது. அதற்கு முன் 2006-இல், 14 கல்லூரி மாணவர்களைக் கை தசையை வருத்தும் பயிற்சி செய்ய வைத்தார்கள். போலிச் சாற்றோடு 22 சதவீதம் பலம் குறைந்தது, செர்ரியோடு 4 சதவீதம்தான். சிறிய ஆய்வுகள்தான், ஆனால் இரண்டிலும் ஒப்பிட்டுப் பார்க்கப் போலிச் சாறு இருந்தது. நான் செய்ததில் இல்லாதது அதுதான். அவர்கள் கொடுத்ததும் தினமும் இரண்டு வேளை பாட்டில் பாட்டிலாகச் சாறு. என் கையிலிருந்த சின்ன மாத்திரையும் அதுவும் ஒன்றாகிவிடாது.

செர்ரிக்கு நிறம் தரும் அந்தோசயனின் வகை நிறமிகள் நம் நாவல் பழத் தோலிலும் உண்டு. ஆடி மாதத்தில் உழவர் சந்தையில் வாங்கி, உப்புத் தொட்டு, நாக்கு ஊதாவாகும் வரை சாப்பிடுவேன். பிடித்திருக்கிறது, சாப்பிடுகிறேன். தொடை வலிக்கு மருந்து என்று யாரிடமும் சொல்லமாட்டேன்.

போன வாரம் குழுவில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி, "அக்கா, எந்த மாத்திரை வாங்கணும்?" என்று கேட்டாள். இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம், இந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி ஐந்து வளைவுகள் மட்டும் என்னோடு மெதுவாக இறங்கு, மிச்சத்தை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். காலை ஐந்தரைக்கு அடிவாரத்தில் சந்திக்கிறோம்.