பூம்பாறைக்குப் பிள்ளைகளோடு

அண்ணன் மகள் படிக்கும் திண்டுக்கல் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொடைக்கானல் மேல்மலைக்கு விவசாயம் பார்க்க அழைத்துச் சென்றபோது, ஆசிரியர்களுக்குத் துணையாக வீட்டுப் பெரியவர்கள் சிலரையும் வரச் சொல்லியிருந்தார்கள், நானும் போனேன். அவள் என்னை அத்தை என்று கூப்பிட, வத்தலக்குண்டு தாண்டுவதற்குள் பேருந்து முழுவதற்கும் நான் அத்தையாகிவிட்டேன்.

துணைக்குப் போகிறவரின் வேலை மலைப்பாதையிலேயே தொடங்கிவிடுகிறது. வளைவுகளில் தலை சுற்றி வாந்தி எடுக்கும் பிள்ளைகள் யார் யார் என்று முதல் நாளே பெற்றோரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அவர்களை முன் இருக்கைகளில் உட்கார வைத்து, குனிந்து கைப்பேசி பார்க்க விடாமல் தூரத்து மலையைப் பார்க்கச் சொன்னால் பாதித் தொல்லை குறையும். வயிறு முட்டச் சாப்பிடுவதும் ஆகாது, வெறும் வயிறும் ஆகாது. இரண்டு இட்லி போதும். கொடைக்கானலில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால் ஒவ்வொரு பிள்ளையும் எவர்சில்வர் பாட்டிலில் பெயர் எழுதிக் கொண்டுவந்தது பெரிய உதவியாக இருந்தது.

பூம்பாறை, கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர். குழந்தை வேலப்பர் கோயில் இருக்கும் ஊர். வீடுகளைச் சுற்றிப் படிப்படியாக இறங்கும் வயல்களில் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இந்த மேல்மலை ஊர்களின் பயிர்தான். நாங்கள் போன வயலில் பூண்டு எடுப்பு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு செடியைப் பிடித்து இழுக்கத் தொடங்கியதும், வயலுக்குரிய பாட்டி, "இழுக்காதீங்கடா கண்ணுங்களா, மொதல்ல மண்ணை இளக்குங்க" என்று களைக்கொத்தால் பக்கத்து மண்ணைக் கிளறிக் காட்டினார். தாள் அறுந்துபோனால் பூண்டைக் கட்டாகக் கட்டித் தொங்கவிட முடியாது. தொங்கவிடாமல் புகை காட்ட முடியாது.

"புகை போட்டா பூண்டு கெட்டுப்போகாதா பாட்டி?" என்று ஒரு பையன் கேட்டான். என் பக்கத்தில் நின்ற பெரியவர் விளக்கத் தொடங்கினார். நான் அவர் கையைத் தொட்டு நிறுத்தினேன். பாட்டி சொல்லட்டும் என்றுதானே இவ்வளவு தூரம் பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கிறோம்? "புகை பட்டாத்தான்டா பூச்சி அண்டாது, அடுத்த நடவு வரைக்கும் வெதை தாங்கும்" என்றார் பாட்டி. அப்படியானால் விதையும் சாப்பிடும் பூண்டும் ஒன்றுதானா என்று அவன் அடுத்துக் கேட்க, ஒரு பல்லைப் பிரித்து அவன் உள்ளங்கையில் வைத்து, வேர் வரும் தட்டையான பக்கம் கீழே போக வேண்டும் என்று விரலால் காட்டினார். நாம் முந்திக்கொண்டு பதில் சொல்லியிருந்தால் அந்த இரண்டாவது கேள்வி வந்திருக்காது.

நடக்கும்போது ஒரு பெரியவர் முன்னாலும் ஒருவர் கடைசியிலும் இருக்க வேண்டும். கடைசி இடத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். செருப்பு அறுந்தவள், மூச்சு வாங்குபவன், வண்டு பார்த்து நின்றுவிட்டவன் எல்லாரும் அங்கேதான் வந்து சேர்வார்கள். மூட்டை சுமந்த குதிரை எதிரே வந்தால் பிள்ளைகளைப் பள்ளத்துப் பக்கம் ஒதுங்க விடாமல் மலைச்சரிவை ஒட்டி நிறுத்த வேண்டும்.

மதியத்துக்கு மேல் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாடு, உரோம ஆராய்ச்சி மையத்தைப் பார்த்தோம். பாரத் மெரினோ ஆடுகளைவிட முயல்களிடம்தான் கூட்டம். முயலைக் காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. பின்னங்கால்களுக்கு அடியில் கை கொடுத்துத் தாங்காவிட்டால் அது திமிறி உதைத்துத் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளக்கூடும். பயந்து ஒதுங்கிய ஒரு பெண்ணை, "தொடு, ஒண்ணும் பண்ணாது" என்று மற்றவர்கள் தள்ளினார்கள். தொட வேண்டாம், பார்த்தாலே போதும் என்று அவளோடு நான் தள்ளி நின்றுகொண்டேன். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன் எல்லாரையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தோம். மண்ணும் சாணமும் பட்ட கைக்குச் சானிடைசர் போதாது.

திரும்பும் வழியில் கொடைக்கானல் ஏரியில் படகு சவாரிக்கு வரிசையில் நின்றே நிறைய நேரம் போயிற்று. அடுத்த ஆண்டு படகை விட்டுவிட்டு அந்த நேரத்தையும் பூண்டு வயலுக்கே கொடுக்கும்படி தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.