கழிவுநீர்க் குட்டையின் கரையும் ஓர் அணைதான்

சிறிய ஊர்களின் கழிவுநீர்க் குட்டைகளில் பராமரிக்கும் பதிவேட்டைப் புரட்டினால் பி.ஓ.டி. (கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்), பி.எச். (அமில, காரத் தன்மை), கரைந்த ஆக்சிஜன் என்று தண்ணீரைப் பற்றிய எண்கள் ஒழுங்காக இருக்கும். அந்தத் தண்ணீரைத் தாங்கி நிற்கும் மண் கரையைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. 2 ஹெக்டேர் பரப்பில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு நிற்கும் குட்டையில் 30,000 கன மீட்டர், அதாவது மூன்று கோடி லிட்டர் இருக்கிறது. கரை உயரம் குறைவு என்பதால் அணைப் பாதுகாப்பு விதிகளுக்குள் பல இடங்களில் இது வராமலே போகிறது. விதி விட்டுவிட்டாலும் தண்ணீரின் எடை விடாது. 2007 மார்ச் 27 அன்று காசாவின் வடக்கில் உம் அல் நாஸர் கிராமத்தை ஒட்டிய கழிவுநீர்க் குட்டையின் கரை உடைந்து, வீடுகள் மூழ்கி உயிர்கள் போயின.

முதலில் நீர்மட்டம். கரையின் உச்சிக்கும் தண்ணீருக்கும் இடையே 60 முதல் 90 செ.மீ. காலி இடம் இருக்க வேண்டும் என்பது பொதுவான வடிவமைப்பு அளவு. இந்த இடைவெளி எவ்வளவு வேகமாகக் கரையும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். ஒரு ஹெக்டேரில் 1 செ.மீ. என்பது 100 கன மீட்டர். மேலே சொன்ன 2 ஹெக்டேர் குட்டைக்கு நாள் ஒன்றுக்கு 1,200 கன மீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியேற்றம் அடைபட்டால் தினமும் 6 செ.மீ. ஏறும். கனமழை நாளில் பாதாளச் சாக்கடைக்குள் மழைநீர் புகுந்து வரத்து மூன்று மடங்கானால் அது 18 செ.மீ. வானத்திலிருந்து நேராக விழும் 150 மி.மீ. மழை இன்னொரு 15 செ.மீ. ஆக ஒரே நாளில் 33 செ.மீ.; 60 செ.மீ. இடைவெளியில் பாதிக்கு மேல் போய்விட்டது. காற்று அலையை இன்னும் சேர்க்கவில்லை. அதனால் மழைக்காலம் தொடங்கும் முன்பே மட்டத்தை இறக்கி வைக்க வேண்டும். மழை கொட்டும்போது வால்வைத் தேடி ஓடுவது பலன் தராது.

அளவுகோல் நட்ட இடத்தில் 60 செ.மீ. இருந்தால் கரை முழுவதும் 60 செ.மீ. இருப்பதாக அர்த்தமில்லை. வண்டி ஏறி இறங்கும் இடமும் குழாய் கடக்கும் இடமும் நாளாவட்டத்தில் அமுங்கிவிடும். தண்ணீர் வழிய ஆரம்பிப்பது அந்தப் பள்ளத்தில்தான். வருடம் ஒருமுறை கரை உச்சி முழுவதற்கும் லெவல் எடுக்க வேண்டும். கருவி இல்லாவிட்டால் கொத்தனார்கள் பயன்படுத்தும் ரசமட்டக் குழாயே போதும். பள்ளத்தை நிரப்பும்போது மேலாக மண்ணைக் கொட்டிவிட்டுப் போகக் கூடாது. பழைய மண்ணைக் கீறி, ஈரப்படுத்தி, 15 செ.மீ. அடுக்குகளாகத் திமிசு போட வேண்டும். குட்டையில் தோண்டிய சேற்றைக் கரைமேல் போடுவது கரையை உயர்த்தியது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

அவசரக் கலங்கலை, அதாவது மிகுதி நீர் வழிந்தோடக் கரையில் விட்ட வாயை, மணல் மூட்டை போட்டு அடைப்பதைப் போல ஆபத்தான வேலை வேறில்லை. கழிவுநீர் வெளியே போனால் புகார் வரும், அபராதம் வரும் என்ற பயம் புரிகிறது. ஆனால் கலங்கல் வழியாகப் போவது மிகுதி நீர் மட்டும். கரைமேல் வழிந்தால் வெளிச்சரிவு அரிக்கப்பட்டு, அந்த அரிப்பு பின்னோக்கி நகர்ந்து உச்சியைத் தின்று, மொத்தக் குட்டையும் வெளியேறும்.

இரண்டாவது, கசிவு. மண் கரை என்றால் கொஞ்சம் கசியும். அளவு மாறாமல் தெளிவாக வரும் கசிவைக் கண்காணித்தால் போதும். மண் கலங்கிய நிறத்தில் வந்தால் கரையின் உள்ளிருந்து மண் கிளம்பி வருகிறது என்று பொருள்; அது அன்றைக்கே கவனிக்க வேண்டிய அவசரம். கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைத்து அடியில் படிவது என்ன என்று பார்க்கலாம். அளவை அறியச் சின்னக் கசிவுக்கு பத்து லிட்டர் வாளியும் கடிகாரமும் போதும். பெரிதானால் 90 டிகிரி வி வடிவ வெட்டுள்ள தகடு நடலாம்: வெட்டின் மூலையிலிருந்து 5 செ.மீ. உயரம் ஓடினால் விநாடிக்குச் சுமார் 0.8 லிட்டர், 6 செ.மீ. ஓடினால் 1.2 லிட்டர். ஒரு சென்டிமீட்டர்தானே என்று விட்டுவிட்டால் ஒன்றரை மடங்கு கூடியதைத் தவறவிட்டிருப்போம். எழுதும்போது அன்றைய குட்டை மட்டத்தையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். மட்டம் ஏறிக் கசிவு கூடுவது வேறு. மட்டம் மாறாமல் கசிவு கூடுவது வேறு.

நாற்றம் இல்லை, அதனால் இது நிலத்தடி ஊற்று என்று சமாதானம் சொல்வது வழக்கம். மண் வடிகட்டியாக வேலை செய்வதால் நாற்றம் போய்விடும். மின்கடத்தும் திறனையும் குளோரைடையும் குட்டையில் ஒன்று, கசிவில் ஒன்று, தள்ளியிருக்கும் கிணற்றில் ஒன்று என மூன்று மாதிரியில் பார்த்தால் எது எதன் பிள்ளை என்று தெரிந்துவிடும். வறண்ட காலத்தில் கரை அடிவாரத்தில் ஒரு பட்டை மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தால் அங்கே முதலில் குனிந்து பாருங்கள்.

கரைக்குள் ஓடும் குழாய்தான் எனக்கு எப்போதும் முதல் சந்தேகம். வட்டக் குழாயின் அடிவயிற்றுக்குக் கீழே மண்ணைக் கெட்டிப்படுத்துவது கடினம். அந்த மெலிந்த பாதையில் நீர் குழாயை ஒட்டியே ஓட்டம் பிடிக்கும். முன்பெல்லாம் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் பட்டைகள் கட்டினார்கள். அந்தப் பட்டைகளின் பக்கத்தில் மண்ணை நன்றாக இடிக்க முடியாததால் அவற்றையே நம்பியிருக்க முடியாது. வெளிப்பக்கப் பகுதியில் குழாயைச் சுற்றி மணல் வடிகட்டி அமைத்து, நீரைப் போகவிட்டு மண்ணைத் தடுத்து நிறுத்துவது மேல். வால்வு வெளிமுனையில் மட்டும் இருந்தால் கரைக்குள் இருக்கும் குழாய் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும். ஒரு இணைப்பு விட்டாலும் தண்ணீர் நேராகக் கரை வயிற்றுக்குள் பாயும். உள்முனையில் மூடும் வசதி கட்டாயம் வேண்டும். குழாய்க்கு மேலே கரையில் திடீரென்று குழி விழுந்திருந்தால் மண் போட்டு மூடிவிட்டுப் போகக் கூடாது. உள்ளே சுரங்கம் உருவாகிவிட்டதன் அறிகுறி அது.

மண் கலங்கிய கசிவைக் கண்டால் கை பரபரக்கும், களிமண்ணை அள்ளி வாயை அடைக்கத் தோன்றும். வெளிப்பக்கத்தில் அதைச் செய்யக் கூடாது. அழுத்தம் தேங்கி இன்னொரு இடத்தில் வெடிக்கும். கசியும் இடத்தின் மேல் முதலில் பரும்படி மணல் 15 முதல் 20 செ.மீ., அதன்மேல் சிறு சரளை, அதன்மேல் 40 மி.மீ. ஜல்லி என்று பரப்ப வேண்டும். நீர் வரட்டும், மண் வரக் கூடாது. அடிவாரத்தில் மணல் கொப்பளித்தால் சுற்றிலும் மூட்டைகளை வளையமாக அடுக்கி, வரும் நீர் தெளியும் வரை மட்டும் உயர்த்தி, வழிந்தோட ஒரு வாய் விட வேண்டும். உள்பக்கத்தில் சுழி தெரிந்தால் அங்கே களிமண் மூட்டைகளை இறக்கலாம்.

கூடவே மட்டத்தையும் இறக்க வேண்டும். சாதாரண நாளில் ஒரு நாளைக்கு 30 செ.மீ.க்கு மேல் இறக்கக் கூடாது. தண்ணீர் வேகமாகப் போய்விட்டால் ஊறிய உள்சரிவுக்குத் தாங்கல் இல்லாமல் சரிந்துவிடும். அந்த 30 செ.மீ.க்கே 2 ஹெக்டேரில் 6,000 கன மீட்டர், இரவு பகலாக விநாடிக்கு 70 லிட்டர் வெளியேற்றியாக வேண்டும். மோட்டார் அறையில் துருப்பிடித்துக் கிடக்கும் ஒற்றை பம்ப் அதற்குக் காணாது. எந்தக் குட்டைக்கு மாற்றுவது, அதில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கரை உடையும் நிலை என்றால் 30 செ.மீ. கணக்கெல்லாம் பார்க்க வேண்டியதில்லை.

மரம், எலி, பெருச்சாளி பற்றிச் சுருக்கமாக. கரையில் மரம் வேண்டாம், அழகுக்காகவும் வேண்டாம். பெரிய மரத்தை வெட்டி வேரை விட்டால், வேர் மக்கி அதுவே குழாயாகும். மட்டத்தை இறக்கி, வேரோடு தோண்டி, அடுக்கடுக்காக இடித்து நிரப்ப வேண்டும். வளைகளுக்கு மண் 9 பங்கு, சிமெண்ட் 1 பங்கு குழம்பாகக் கரைத்து நிரம்பும் வரை ஊற்றலாம். புல்லைக் குட்டையாக வைத்திருப்பதே வளையைச் சீக்கிரம் கண்ணில் காட்டும். நீர்விளிம்பில் முளைக்கும் சம்பு, களிமண் பூச்சுக்குள் வேர் விடும்; சிறிதாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள்.

குட்டை ஆளைக் கொல்வது பெரும்பாலும் வேறு வழியில். எச்.டி.பி.இ. எனும் கெட்டி பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட சரிவில் பாசி படிந்தால், நீச்சல் தெரிந்தவரும் ஏறி வர முடியாது. முடிச்சுப் போட்ட கயிறோ ஏணியோ ஒவ்வொரு பக்கமும் நிரந்தரமாகக் கிடக்க வேண்டும். ஆக்சிஜன் இல்லாத முதல் குட்டையின் மேல் ஏடு காய்ந்து தரைபோலத் தெரியும், வேலி அதற்காகத்தான். வால்வுத் தொட்டிக்குள் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழோ, ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு 10 பி.பி.எம்.க்கு (பத்து லட்சத்தில் 10 பங்குக்கு) மேலோ காட்டினால் யாரும் இறங்கக் கூடாது. 100 பி.பி.எம். அளவில் மூக்கு மரத்து அழுகல் நாற்றமே தெரியாமல் போய்விடும். விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவதால்தான் ஒரு சாவு இரண்டாகிறது. மேலிருந்தே இழுக்க மூன்று கால் தாங்கியும் கயிறும் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

அவசரத் திட்டம் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கரை உடைந்தால் தண்ணீர் போகும் பாதை, அந்தப் பாதையில் உள்ள வீடுகள், குடிநீர்க் கிணறுகள், யார் யாரை எந்த எண்ணில் கூப்பிடுவது, மண்வெட்டும் இயந்திரமும் மணலும் ஜல்லியும் இரவில் எங்கே கிடைக்கும், ஊர்ப் பக்கமிருந்து வரும் பம்புகளை நிறுத்துவது யார் பொறுப்பு. ஒரு பிரதியை மோட்டார் அறையில் தொங்கவிடலாம். இன்னொன்று ஊருக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் மோட்டார் அறை பெரும்பாலும் கரைக்குக் கீழேதான் இருக்கிறது.