நான்கால் வகுபடாத முகவரி

வன்பொருளை இயக்கும் நிரலான டிவைஸ் டிரைவர் எழுதும் வேலையில் என்னை அதிகம் அலைக்கழித்தவை அலைன்மென்ட் பிழைகள்தான், அதாவது தரவு நினைவகத்தில் சரியான எல்லையில் தொடங்காததால் வரும் பிழைகள். 32 பிட் எண்ணைப் படிக்க வேண்டுமானால் அதன் முகவரி நான்கால் வகுபட வேண்டும் என்று பல ப்ராசஸர்கள் எதிர்பார்க்கின்றன. மேசைக் கணினிகளில் உள்ள எக்ஸ்86 வகுபடாத முகவரியைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். சிறு போர்டுகளில் வரும் கார்டெக்ஸ்-எம்0 உடனே ஹார்டு ஃபால்ட்டில், அதாவது நிரலை நிறுத்தும் பிழைநிலையில், போய் நிற்கும். பழைய ஏஆர்எம்வி5 ப்ராசஸர் வகைகளோ, பிழையைப் பிடிக்கும் வசதி இயக்கப்படாதிருந்தால், பைட்டுகளைச் சுழற்றித் தவறான எண்ணைக் கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் மேலே போய்விடும். நின்றுவிடுவதையே நான் விரும்புவேன், ஏனெனில் அது பிழையுள்ள வரியைக் காட்டிக்கொடுக்கிறது.

ஒரு சென்சார் டிரைவரில் பாக்கெட்டின் முதல் பைட் வகைக்குறி, அடுத்த நான்கு பைட்டுகள் அளவீடு. அந்த அளவீட்டின் முகவரியை 32 பிட் எண்ணைக் காட்டும் பாயின்டராக (முகவரியை வைத்திருக்கும் மாறியாக) காஸ்ட் செய்து, அதாவது வகை மாற்றி, நேரடியாகப் படித்திருந்தார்கள். மேசைக் கணினியில் எல்லாச் சோதனைகளும் தேறின; போர்டில் ஏற்றியதும் ஹார்டு ஃபால்ட். ஸ்டாக் நினைவகத்தில் பதிவாகியிருந்த பிசி மதிப்பை (நிரல் நின்ற கட்டளையின் முகவரியை) வைத்து டிஸ்அசெம்ப்ளியை, அதாவது இயந்திரக் கட்டளைகளின் பட்டியலைப் பார்த்தபோது, அங்கே நினைவகத்திலிருந்து படிக்கும் எல்டிஆர் கட்டளை ஒன்று இருந்தது. அது படிக்க முயன்ற முகவரி ஹெக்ஸில் 20000411. கடைசியில் நின்ற அந்த 1 எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

பல உறுப்புகளைச் சேர்த்து வைக்கும் ஸ்ட்ரக்டை பேக்டு, அதாவது இடைவெளியின்றி அடுக்கியது, என்று அறிவித்தால் போதும் என்பார்கள். ஸ்ட்ரக்ட் வழியாகவே படிக்கும்வரை அது சரி. உறுப்பின் முகவரியைச் சாதாரண பாயின்டரில் எடுத்துவைத்த கணமே கம்பைலருக்கு அந்த விவரம் தெரியாமல் போய்விடும். நான்கு பைட்டுகளையும் தனித்தனியே படித்து, உரிய இடத்துக்கு ஷிஃப்ட் செய்து (நகர்த்தி) சேர்ப்பதையே நான் தேர்ந்தெடுத்தேன். எந்த பைட் முதலில் வரும் என்ற பைட் வரிசைச் சிக்கலும் அதிலேயே தீர்ந்துவிடுகிறது. ஈதர்நெட் ஹெடர் 14 பைட் என்பதால், லினக்ஸ் டிரைவர்கள் பல பஃபரின் முன்னால் 2 பைட் விட்டு, ஐபி ஹெடரை 0இலிருந்து எண்ணினால் 16ஆவது பைட்டில் தொடங்க வைப்பதும் இந்தப் பிரச்சினைக்காகத்தான்.

எனக்கு உண்மையில் அச்சம் தருவது டிஎம்ஏ பஃபர், அதாவது ப்ராசஸரின் உதவியின்றி வன்பொருள் நேரடியாக எழுதும் நினைவகப் பகுதி. கேஷ் லைன், அதாவது ப்ராசஸரின் கேஷ் நினைவகம் ஒரே முறையில் கையாளும் துண்டு, 64 பைட் என்றால், அந்த எல்லையில் தொடங்காத பஃபர் பக்கத்து மாறியோடு ஒரே லைனைப் பகிர்ந்துகொள்ளும். டிஎம்ஏ முடிந்து அந்த லைனை இன்வாலிடேட் செய்யும்போது (கேஷில் உள்ள நகலைக் கைவிடும்போது), மாறியில் சற்றுமுன் எழுதிய மதிப்பும் சேர்ந்து தொலையும். ஃபால்ட் எதுவும் வராது. தொடர்பேயில்லாத ஒரு கவுன்ட்டர் எப்போதாவது பழைய எண்ணுக்குத் திரும்பியிருக்கும். தொடக்கத்தை மட்டும் சரிசெய்தால் பிழை பஃபரின் வால்பக்கம் நகர்ந்துவிடும் என்பதால், அளவையும் 64இன் மடங்காக உயர்த்தியாக வேண்டும்.