முப்பது நிமிடம் பேசுவதற்கு ஏழு மாதம்

முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வை நான் கடந்து வந்த விதத்தை, விரைவில் அதே இடத்தில் நிற்கப்போகிற ஆய்வாளர்கள் இருவர் கேட்டதால் எழுதுகிறேன். பதினாறு ஆண்டுகளாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவளுக்கு அரைமணி நேரம் பேசுவதில் என்ன அச்சம் என்று வீட்டிலேயே கேட்டார்கள். வகுப்பில் நான் சொல்வதை மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள். வாய்மொழித் தேர்விலோ புறத்தேர்வாளர் அதை எடைபோடுவார், அதுவும் யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட ஓர் அவையில். அந்த வேறுபாட்டை நான் புரிந்துகொண்டதே ஒரு தோல்விக்குப் பிறகுதான்.

ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முன், ஆலோசனைக் குழுவின் முன்னிலையில், துறை ஆசிரியர்களும் பிற ஆய்வாளர்களும் கேட்கும்படி ஆய்வாளர் ஒருமுறை உரை நிகழ்த்த வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016-ஆம் ஆண்டு நெறிமுறை. எனக்கு 20 நிமிடம் கொடுத்திருந்தார்கள். நான் 74 ஸ்லைடுகளுடன் போனேன். உத்திரமேரூர் வட்டாரத்து ஏரிப் பராமரிப்பு என் ஆய்வுப் பொருள் என்பதால், பராந்தக சோழனின் கல்வெட்டுகளில் தொடங்கி இன்றைய நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் வரை எதையும் விட எனக்கு மனம் வரவில்லை. போதாக்குறைக்கு, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தேன். அந்த அறைக் கணினியில் அது இல்லாததால், சோழ மன்னனின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் வரிசைகட்டி நின்றன. பதற்றத்தில் கையிலிருந்த தாள்களைப் பார்த்து வேகவேகமாகப் படிக்கத் தொடங்கினேன். மணி அடித்தபோது 31-ஆம் ஸ்லைடில் இருந்தேன். என் ஆய்வின் முடிவு 68-ஆம் ஸ்லைடில் இருந்தது.

நெறியாளர் ஐயா கடிந்துகொள்ளவில்லை. "நீங்க பேசலம்மா, வாசிச்சீங்க. திரையில இருக்கறத நாங்களே வாசிச்சுக்குவோமே" என்று மட்டும் சொன்னார். ஆய்வேட்டை ஒப்படைத்து, தேர்வாளர்களின் அறிக்கைகள் வந்து, வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறிக்கப்படுவதற்கு ஏழு மாதம் ஆனது. பட்டம் தாமதமாகிறது என்று பலரும் அலுத்துக்கொள்ளும் அந்த இடைவெளி எனக்கு வரமாக அமைந்தது.

இம்முறை கணினியைத் திறக்காமல், 312 பக்க ஆய்வேட்டிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து எழுத முயன்றேன். அதற்கே மூன்று வாரம் பிடித்தது. எழுதியவை எல்லாம் 'பற்றி' என்று முடிந்தன: சோழர் காலத்து ஏரிக் குழுவான ஏரி வாரியத்தைப் பற்றி, ஊராரே கூடி ஏரியைப் பழுதுபார்க்கும் குடிமராமத்தைப் பற்றி, சட்டங்களைப் பற்றி. ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன் என்பதற்கும் ஒன்றைச் சொல்கிறேன் என்பதற்கும் உள்ள தொலைவு அப்போதுதான் கண்ணில் பட்டது. கடைசியில் கிடைத்த வாக்கியம் இது: நான் கள ஆய்வு செய்த ஏழு ஊர்களில், கிணறும் பம்புசெட்டும் வைத்தவர்கள் ஏரித் தண்ணீரை நம்பியிராத நிலை வந்ததும் ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பாய்ச்சிவிடும் ஊர்ப் பணியாளரான நீர்க்கட்டிக்குக் களத்தில் அளக்கும் நெல் நின்றது, நெல் நின்ற பிறகே மதகையும் வரத்துக்கால்வாயையும் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போனது. இந்த வாக்கியத்தைத் தாங்காத ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக நீக்கியபோது 19 மிஞ்சின.

நீக்கியவற்றில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத் தயாரிக்க ஒரு முழு வாரம் செலவிட்டிருந்தேன். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடும்பு எனப்பட்ட ஊரின் முப்பது பிரிவுகளிலிருந்து குடவோலை முறையில் உறுப்பினர்களைத் தேர்ந்து, அவர்களில் ஆறு பேரை ஏரி வாரியத்தில் அமர்த்தும் ஏற்பாட்டை அவை கூறுகின்றன. அங்கிருந்து ஓர் அம்புக்குறியைப் போட்டு, குடிமராமத்து உழைப்பைச் சட்டக் கட்டாயமாக்கிய 1858-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும், அங்கிருந்து மற்றொன்றைப் போட்டு, பாசன மேலாண்மையில் விவசாயிகளுக்குப் பங்கு தரும் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் கொண்டுபோயிருந்தேன். பார்க்க மிக அழகாக இருந்தது. ஆனால் அந்த அம்புக்குறிகளுக்குக் கீழே கிடக்கும் பல நூற்றாண்டுகளுக்கு என்னிடம் சான்று இல்லை. கைதட்டல் வாங்கித்தரக்கூடிய படமே நம்மை மாட்டிவிடும் படமாகவும் இருக்கக்கூடும்.

பிறகு ஒத்திகை. மனதுக்குள் சொல்லிப் பார்ப்பதை ஒத்திகையாக நான் இப்போது கணக்கில் எடுப்பதில்லை, மனதுக்குள் யாரும் தடுமாறுவதில்லை என்பதால். நின்றுகொண்டு, குரலெடுத்து, கைப்பேசியில் பதிவுசெய்து மொத்தம் 11 முறை பேசினேன். முதல் பதிவைக் கேட்டபோது 'வந்து' என்ற சொல் 43 முறை வந்துபோயிருந்தது. அதைச் சொல்லக்கூடாது என்று உறுதி பூண்டதும் அந்த இடத்தை 'அதாவது' பிடித்துக்கொண்டது. சொல்லைத் தடுப்பதால் பயனில்லை, அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு ஒரு மூச்சு விட வேண்டும் என்று புரிய நான்கு ஒத்திகை ஆனது. பேசுகிற நமக்குப் பெரும்பள்ளமாகத் தெரியும் அந்த மௌனம், பதிவில் கேட்டால் ஒரு காற்புள்ளி அளவே இருக்கிறது. என் மகள் ஐந்தாம் ஒத்திகையின் நடுவே, "ஆயக்கட்டுன்னா என்னம்மா?" என்று கேட்டாள். ஏரித் தண்ணீர் பாயும் மொத்த நிலப்பரப்பு என்று நான் எங்குமே சொல்லியிருக்கவில்லை.

எட்டாம் ஒத்திகையை நான் ஆய்வு செய்த ஊர் ஒன்றில், பால் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில், பதினைந்து பேர் முன்னால் நிகழ்த்தினேன். அவர்களிடமிருந்து எடுத்ததை முதலில் அவர்களிடம் காட்டுவதே முறை என்று நெறியாளர் ஐயா சொல்லியிருந்தார். வரைபடம் வந்ததும் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதே ஏரியின் மதகுப் படம் வந்ததும் நாற்காலியை முன்னால் நகர்த்தினார்கள். நீர்க்கட்டியாக இருந்த பெரியவர் ஒருவர், "மறுகால்னு போட்டிருக்கீங்களே டீச்சரம்மா, எங்க பக்கம் அத கலங்கல்னுதான் சொல்லுவோம்" என்றார். ஏரி நிரம்பியதும் மிகுநீர் வழிந்தோடும் இடத்துக்கு, தென்மாவட்டங்களைப் பற்றிய நூல்களில் படித்த சொல்லை வடமாவட்டத்து ஏரியின் மேல் ஒட்டியிருந்தேன். அன்றிரவே திருத்தினேன்.

உடலைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். அவையின் முன் நின்றதும் இதயம் அடித்துக்கொள்வதும், நா வறள்வதும், உள்ளங்கை வியர்ப்பதும் அட்ரினலின் செய்கிற வேலை. எத்தனை முறை ஒத்திகை பார்த்தாலும் அது வரும். அதை விரட்டப் பார்ப்பதை விட்டுவிட்டு, அது வெளியே தெரியாதபடி சில ஏற்பாடுகளைச் செய்துகொண்டேன். கை நடுங்கினால் ஏ4 தாள் சலசலக்கும் என்பதால் குறிப்புகளை அஞ்சலட்டை அளவுத் தடித்த அட்டைகளில், ஓர் அட்டைக்கு நான்கு சொல்லுக்கு மேல் போகாமல் எழுதினேன். லேசர் பாயிண்டரைத் தொடவே இல்லை. விரலின் சிறு நடுக்கத்தைக்கூட அந்தச் சிவப்புப் புள்ளி திரையில் பெரிதாக்கிக் காட்டிவிடும். பேச எழுவதற்கு முன், மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டி ஐந்தாறு முறை சுவாசித்தேன். உரை முழுவதையும் மனப்பாடம் செய்யவில்லை. அப்படிச் செய்தால் ஒரு வாக்கியம் நழுவும்போது அடுத்ததும் கூடவே போய்விடும். முதல் ஐந்து வாக்கியங்களையும் கடைசி மூன்றையும் மட்டும் உருப்போட்டேன்.

கேள்விகளுக்கான ஆயத்தத்துக்கு உரையைவிட அதிக நேரம் கொடுத்தேன். தேர்வாளர்களின் அறிக்கைகளில் இருந்த ஐயங்களையும் நானே அஞ்சிய இடங்களையும் சேர்த்து 52 கேள்விகள் எழுதி, குறுக்கே புகுந்து பேசுவதில் பெயர்பெற்ற சக ஆசிரியர் ஒருவரிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்து, முடிந்த அளவு எரிச்சலூட்டும்படி கேட்கச் சொன்னேன். அவர் அதை மனமாரச் செய்தார். கேள்வி முடியுமுன் பதில் சொல்லத் தொடங்குவது என் வழக்கம் என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். அதன்பின் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லி, "இதைத்தானே கேட்கிறீர்கள்?" என்று உறுதிசெய்துகொண்டு பதிலுக்குப் போகும் பழக்கத்தை வலிந்து ஏற்படுத்திக்கொண்டேன். யோசிக்க நேரம் கிடைக்கும் என்பது அதன் உபரி இலாபம்.

முந்தைய நாள் மாலை அரங்குக்குப் போனேன். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, பிடிஎஃப் ஆகவும் ஆக்கி, இரண்டு பென் டிரைவில் வைத்திருந்தேன். அச்சுப்படி ஒன்றும் பையில் இருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தபோது இரண்டு ஸ்லைடுகளின் எழுத்து படிக்கும்படியாக இல்லை. மைக் எவ்வளவு தள்ளி இருந்தால் குரல் வெடிக்காது என்றும் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை 11 மணிக்குத் தொடங்கியது. உருப்போட்ட ஐந்து வாக்கியங்களில் மூன்றாவதை மறந்துவிட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை, நான்காவது தானாக வந்தது. இரண்டாவது நிமிடத்தில் குரல் என் குரலாக மாறியதை உணர்ந்தேன். மதகுப் படம் வந்தபோது, கடைசி வரிசையில் அந்த நீர்க்கட்டிப் பெரியவர் இருப்பதைப் பார்த்தேன். பொதுத் தேர்வு, யாரும் வரலாம் என்று சொல்லியிருந்தேன். காலைப் பேருந்தைப் பிடித்து வந்தே விட்டார். அதன்பின் பெரும்பாலும் அவரைப் பார்த்தே பேசினேன் என்று பிறகு சொன்னார்கள். 28 நிமிடத்தில் முடித்தேன்.

புறத்தேர்வாளரின் முதல் கேள்வியே, சோழர் கால ஏரி வாரியத்தின் தொடர்ச்சியாக இன்றைய சங்கங்களைக் கருதுகிறீர்களா என்பதுதான். அந்த அம்புக்குறிப் படம் என் பையில்கூட இல்லை என்பது எவ்வளவு நிம்மதி. கேள்வியைத் திருப்பிச் சொல்லிவிட்டு, "தொடர்ச்சி என்று கூறச் சான்று இல்லை ஐயா. ஏரியைக் காப்பதற்கென்று தனிப் பொறுப்பாளர்களை ஊர் நியமித்தது என்ற ஒப்புமையோடு நிறுத்திக்கொள்கிறேன்" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்ததற்குப் போனார். ஆறாவது கேள்வி கிணறுகளின் எண்ணிக்கையைப் பற்றியது; இரண்டு ஊர்களில் நான் திரட்டிய விவரம் முழுமையற்றது என்பதை ஒப்புக்கொண்டேன். ஒத்திகையில் அதே கேள்விக்கு நான் சுற்றிவளைத்து நான்கு நிமிடம் பேசியிருந்தேன்.

அவையினர் கேட்கலாம் என்று அறிவித்ததும் ஆய்வு மாணவர் இருவர் கேட்டார்கள். பிறகு கடைசி வரிசையில் பெரியவர் எழுந்தார். மைக்கை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அதை வாங்காமலே பேசினார்.

"டீச்சரம்மா சொன்னதெல்லாம் சரிதான். ஆனா நெல்லு அளக்கற கணக்கு சம்பாவுக்கு மட்டும்தான். நவரைப் போகத்துக்குப் பாதிதான் அளப்பாங்க. ரெண்டுக்கும் ஒண்ணுன்னு போட்டிருக்காங்க."

அரங்கில் சிலர் சிரித்தார்கள். நான் அட்டையைத் திருப்பி, அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, எந்தெந்த ஊர்களில் அந்த வழக்கம் இருந்தது என்று கேட்டேன். அவர் மூன்று ஊர்களைச் சொன்னார். புறத்தேர்வாளர் பேனாவை எடுத்தார். பட்டம் வழங்கலாம் என்ற பரிந்துரையோடு அன்று மாலை என் கைக்கு வந்த திருத்தப் பட்டியலில் இரண்டே குறிப்புகள் இருந்தன: முதலாவது கிணற்று அட்டவணைக்கு அடிக்குறிப்பு சேர்ப்பது, இரண்டாவது நவரை.